டாக்டர் சொல்வாங்க

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் அண்ணன் செய்தால் எடுக்கிறாய். பின்னால் என் குரல் கேட்டதும், "ஷிஃப்டுக்கு நேரமாச்சுண்ணா" என்று வைத்துவிடுகிறாய். ஒரு வருஷமாக உனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் கடிதம். கிழிப்பதற்கு முன்னால் இந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடு. எழுத்து கோழி கிண்டினது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். நாள் முழுக்க எக்ஸ்ரே படங்களின் ஓரத்தில் இடது, வலது என்று குறிப்பதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடுகிறது.

விஷயம் இதுதான். மருத்துவக் கல்லூரிக்கு மறுபடியும் விண்ணப்பிக்கிறேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கென்று அங்கே சில இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். இரண்டு முறைதான் முயற்சி செய்யலாம். போன வருஷம் ஒன்று போயிற்று. இதுவும் போனால், ஓய்வு பெறும் வரைக்கும் எனக்கு "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க"தான்.

இதை நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்டுவிடக் கூடாது, நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று எழுதப் பார்த்தேன். எழுதி எழுதி அடித்ததுதான் மிச்சம். உன் அண்ணன், "அவ திட்டுவா. வாங்கிக்கோ. ஆனா எழுது" என்றார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் அல்லவா, பாதியில் நின்றுபோனது எதுவும் மறுபடி நகரும் என்று நம்புகிறார்.

பதில் போடு. திட்டியாவது போடு.

அண்ணி

பிப்ரவரி 20

அண்ணிக்கு,

திட்டச் சொல்லியிருக்கிறீர்கள். அனுமதி கொடுத்ததற்கு நன்றி.

தாராளமாக விண்ணப்பியுங்கள். டாக்டர் ஆகுங்கள். அப்புறமாவது யாராவது ஒன்று கேட்டால் உங்கள் வாயிலிருந்து பதில் வருமா பார்ப்போம்.

மறந்திருக்க மாட்டீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன். போன வருஷம் அப்பாவின் இருமல் நிற்கவில்லை என்று அண்ணன் சொன்னதால் லீவு போட்டு வந்தேன். நீங்கள்தான் உங்கள் ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போனீர்கள். நீங்களேதான் படம் எடுத்தீர்கள். அப்பா உள்ளே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் வெளியே வந்தீர்கள். "அண்ணி, படத்துல என்ன தெரியுது?" என்று கேட்டேன். நீங்கள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, "டாக்டர் சொல்வாங்க" என்றீர்கள்.

என்னிடம்! உங்கள் வீட்டுச் சமையலறையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து உங்களோடு ஊர்க்கதை பேசுகிற என்னிடம், வரிசையில் நிற்கிறவர்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னீர்கள். பெரிதாக எதுவும் இருந்தால் அண்ணி சொல்லாமலா இருப்பாள் என்று நம்பி அன்று சாயங்காலமே ரயில் ஏறிவிட்டேன். படம் பார்க்கிற டாக்டர் லீவில் இருந்தார். அவர் வந்து, பார்த்து, எழுதி, அண்ணன் எனக்குச் சொல்லி, நான் மறுபடி வந்தபோது அப்பாவால் ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை.

நடுவில் இருந்த அந்த நாட்கள் என்னுடையவை அண்ணி. அப்பா எழுந்து உட்கார்ந்து என்னோடு சண்டை போட்டிருக்கக்கூடிய நாட்கள். அவற்றை யாரிடம் போய்க் கேட்பேன்? டாக்டர் சொல்வாரா?

திட்டி முடித்துவிட்டேன். போதுமா?

வாலு

மார்ச் 3

அன்புள்ள வாலு,

போதும். நீ எழுதியதில் ஒரு எழுத்துகூட மிகை இல்லை. கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டவில்லை. "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். "நல்லா இருக்காளாம்" என்றேன். நம்பவில்லை, சாப்பிடப் போய்விட்டார்.

அன்று உன்னிடம் நான் சொன்ன அந்த வாக்கியத்தைப் பற்றி யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதி இருக்கிறது. உனக்குச் சொல்கிறேன். போன வருஷம் மதிப்பெண் போதவில்லை என்று வீட்டில் சொன்னேனே, அது பச்சைப் புளுகு. மதிப்பெண் இருந்தது. கவிழ்ந்தது நேர்முகத்தில்.

அங்கே கேள்வி பதிலோடு விடுவதில்லை. ஒரு அறையில் நடிகர் ஒருவரை உட்கார வைத்து, நம்மிடம் ஒரு வெள்ளைக் கோட்டைக் கொடுத்து உள்ளே அனுப்புகிறார்கள். கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அன்றைக்கு என் கதவில் இருந்தது இது: "நீங்கள் டாக்டர். உள்ளே இருப்பவர் நோயாளியின் மகள். படத்தில் கட்டி தெரிகிறது. மகளிடம் சொல்ல நோயாளி சம்மதித்திருக்கிறார். பேசுங்கள்."

இரண்டு முறை படித்தேன். உள்ளே போனேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "அப்பா படத்துல என்ன தெரியுது?" என்றாள்.

என் வாய் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொல்லிவிட்டது. "டாக்டர் சொல்வாங்க."

அந்தப் பெண் நடிப்பை மறந்து, "நீங்கதாங்க டாக்டர்" என்றாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த தேர்வாளர் இருமுகிற மாதிரி சிரித்தார். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? "ஆமா, நான்தான். மறந்துட்டேன்" என்றேன். அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று அந்த அறைக்கே வெளிச்சம். கடைசியில் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெளியே வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து, பழக்கதோஷம், "அடுத்தவங்க வாங்க" என்று குரல் வேறு கொடுத்தேன். ஒரு பையன் எழுந்தே வந்துவிட்டான்.

இதை மறுபடி விண்ணப்பிப்பதற்கு முன்னால் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. எல்லோரையும் நினைத்துப் பார்த்தேன். உன்னிடம்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது. கோபமாக இருக்கிறவர்களிடம் ஒன்றைச் சொல்வதில் ஒரு வசதி, அவர்கள் ஆறுதல் சொல்ல மாட்டார்கள்.

அண்ணி

மார்ச் 14

அண்ணிக்கு,

உங்களால் ஆபீஸில் என்னை விளக்கக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுத வேண்டியது நீங்கள்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்தேன். பாதியில் மணி அடித்துவிட்டது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். மறுமுனையில் ஒருவர், போனே வேலை செய்யவில்லை, பில் மட்டும் ஒழுங்காக வருகிறது என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். என் கண் மடியில் இருந்த கடிதத்துக்குப் போயிற்று. "நீங்கதாங்க டாக்டர்" என்ற வரி. கொல்லென்று சிரித்துவிட்டேன். "ஏம்மா, என் கஷ்டம் உனக்குச் சிரிப்பா இருக்கா?" என்றார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் இன்னும் சிரிப்பு. அப்பா போன பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் சிரித்தது இதுதான் முதல்முறை.

உங்களுக்கு மட்டுமா அந்த வியாதி? நாங்கள் வாடிக்கையாளரிடம் "இல்லை", "முடியாது" என்று சொல்லவே கூடாது. "பார்க்கிறோம்" என்றுதான் சொல்ல வேண்டும். போன வாரம் வீட்டுக்காரம்மா வந்து, "தண்ணி வருதா?" என்று கேட்டார். "உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்துகொண்டேன்" என்றேன். இன்னும் என்னை ஒரு தினுசாகத்தான் பார்க்கிறார்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது அப்படியே இருக்கிறது, கல்லு மாதிரி. ஆனால் நீங்கள் மறுபடியும் போய் அதே இடத்தில் அசடு வழிய நிற்பதை என்னால் சகித்துக்கொள்ள முடியாது. என் அண்ணி என் மானத்தையும் சேர்த்து வாங்குவாள்.

ஆகையால் ஒரு ஏற்பாடு. நான் நோயாளி, நீங்கள் டாக்டர். கத்துகிறவர், அழுகிறவர், குறுக்கே பேசுகிறவர் என்று எல்லா ரகமும் என்னிடம் இருக்கிறது, தினமும் அவர்களோடுதானே பிழைப்பு. நான் எழுதுவேன், நீங்கள் பதில் எழுத வேண்டும். அந்த வாக்கியம் வந்தால் பூஜ்யம். போனில் வேண்டாம், போனை எடுத்தாலே எனக்கு ஆபீஸ் குரல் வந்துவிடுகிறது.

முதல் ஆள். கணுக்கால் எலும்பில் கீறல் விழுந்த ஓட்டக்காரர். "இதோ பாரும்மா, எனக்கு அடுத்த மாசம் போட்டி இருக்கு. ஓட முடியுமா, முடியாதா? சுத்தி வளைக்காம சொல்லு!"

வாலு

மார்ச் 29

அன்புள்ள வாலு,

ஓட்டக்காரருக்குப் பதில் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன். கணுக்கால் படம் ஒன்றும் வரைந்திருக்கிறேன். பார்த்து மதிப்பெண் போடு.

விண்ணப்பத்தைப் போன வாரம் அனுப்பிவிட்டேன். மேலதிகாரி ஒருவர் பரிந்துரை எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நீ சொன்ன அந்த டாக்டரிடம்தான் போனேன், படம் பார்க்கிறவரிடம். இருட்டறையில் திரையைப் பார்த்தபடியே, "நீ போயிட்டா எனக்கு யாரும்மா கோணலில்லாம படம் எடுத்துத் தருவாங்க?" என்றார். எழுத மாட்டார் என்று நினைத்துத் திரும்பினேன். "எங்க போற? உட்காரு, இப்பவே எழுதிடறேன். நாளைக்குன்னா எனக்கு மனசு மாறிடும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எழுதி முடித்து, ஒட்டி, என் கையில் கொடுத்த பிறகுதான் அடுத்த படத்தைத் திறந்தார். நல்ல மனுஷன். இத்தனை வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தும் அவருக்கு நான் வணக்கம் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

உன் அண்ணன் என் பாட புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் கேள்வி கேட்கிறார். அவர் வாயில் நுழையாத பெயர் வந்தால், "இது வராது, விட்டுடு" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். அப்படியே போனால் நான் பாதி உடம்புக்குத்தான் டாக்டர் ஆவேன்.

அண்ணி

மே 2

அண்ணிக்கு,

மதிப்பெண் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்டக்காரரிடம் தோற்றீர்கள். "ஓட முடியுமா" என்று கேட்டவருக்கு இரண்டு பக்கம் எலும்புப் பாடம் எடுத்தால் அவர் இன்னொரு காலையும் உடைத்துக்கொள்வார். அதற்கப்புறம் நான் அனுப்பியதில், மூக்கில் பாசிமணியைப் போட்டுக்கொண்ட குழந்தையின் தாயிடம் சுமார். "எனக்கு ஒண்ணுமில்ல, என் பொண்டாட்டிதான் இழுத்துட்டு வந்தா" என்ற அந்த மீசைக்காரரிடம் நன்றாகவே பேசியிருந்தீர்கள். "அவங்க பயந்திருக்காங்க, அவங்களுக்காகவாவது படம் எடுத்துக்கலாமே" என்ற வரியைப் படித்து எனக்கே அந்த ஆள்மேல் இரக்கம் வந்தது. அவர் நானே கற்பனை செய்த ஆள் என்பது மறந்துபோயிற்று.

இன்றைக்கு நோயாளி யாரையும் அனுப்பவில்லை.

இந்தக் கடிதத்தைப் பல நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்க வேண்டும் என்று நினைப்பேன், அதற்குள் மீசைக்காரர் வந்துவிடுவார். அவரைப் போல யாரையாவது வைத்துக்கொண்டு எவ்வளவு நாள்தான் விளையாடுவது?

நான்தான் கேட்கிறேன். உங்கள் நாத்தனார். அப்பாவின் மகள்.

அன்றைக்கு அப்பா படத்தில் என்ன தெரிந்தது?

வாலு

மே 11

வாலு,

ஆபீஸில் பிரித்திருந்தால் மூடி வைத்துவிடு. வீட்டுக்குப் போய், உட்கார்ந்து படி.

உன் அப்பாவின் வலது நுரையீரலில், மேல்பக்கம், ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. நுரையீரலுக்குள் காற்று இருப்பதால் படத்தில் அது கறுப்பாகத் தெரிய வேண்டும். அந்த இடத்தில் காற்று இல்லை. திட்டின் ஓரம் வழவழப்பாக இல்லாமல் பிசிறு பிசிறாக இருந்தது. கீழே நீர் கோத்திருந்தது. அதே போன்ற படங்களை நான் நிறைய எடுத்திருக்கிறேன். பார்த்த உடனே புற்றுநோய் என்று நினைத்தேன். முற்றிவிட்டது என்றும் நினைத்தேன். ஒரு படத்தை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நான் நினைத்தது அதுதான், அது சரியாகவும் இருந்தது.

என் கண்ணை நானே நம்பவில்லை. மாமாவிடம், "படம் கொஞ்சம் ஆடிடுச்சு மாமா, இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றேன். "நான் ஆடலையேம்மா, சிலை மாதிரில்ல நின்னேன்!" என்றார். ஆடவில்லைதான். முதல் படமே துல்லியமாக இருந்தது. தேவையில்லாமல் ஒருவரை இரண்டாம் முறை எடுப்பது எங்கள் வேலையில் தப்பு. தெரிந்தும் எடுத்தேன். மறுபடி எடுத்தால் அது அங்கே இருக்காது என்று நினைத்துக்கொண்டேன், பைத்தியக்காரி. "மூச்ச இழுங்க மாமா, பிடிங்க" என்றேன். அவர் இருமலை அடக்கிக்கொண்டு எனக்காகப் பிடித்தார். அதே இடத்தில்தான் இருந்தது.

கதவைத் திறந்து வெளியே வந்தால் நீ நிற்கிறாய். அவருடைய மூக்குக் கண்ணாடி உன் கையில் இருக்கிறது. கேட்டாய்.

படம் எடுக்கிறவர்கள் சொல்லக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று நான் விதிக்காக வாயை மூடவில்லை. வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயந்தேன். அந்த வாக்கியம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது, எடுத்துக்கொண்டேன். "டாக்டர் சொல்வாங்க, ஆனா நீ இன்னைக்கு ஊருக்குப் போகாதே" என்று சொல்லியிருக்கலாம். அதை எந்த விதியும் தடுக்கவில்லை. உன் நாட்களை நீ கேட்டிருந்தாய். அவை என்னிடம் இருந்து நழுவியது அங்கேதான்.

நீ நேராகக் கேட்டதற்கு நன்றி. ஒரு வருஷமாக நான் இதைச் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்தேன் என்பது எழுதும்போதுதான் தெரிகிறது. ஏன் டாக்டராக வேண்டும் என்று போன வருஷம் கேட்டார்கள். சேவை, மனிதநேயம் என்று என்னென்னவோ ஒப்பித்தேன். காரணம் அவ்வளவு பெரியது இல்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததை எதிரே நிற்கிறவரிடம் சொல்லிவிட்டு, அவர் அழுதால் கூடவே இருக்க வேண்டும். "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க இனிமேல் என்னால் முடியாது.

அண்ணி

ஜூன் 1

அண்ணி,

லீவு போட்டுப் படித்தேன். நீங்கள் சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். அப்புறம் அழுதேன். கொஞ்சம் சத்தமாக அழுதுவிட்டேன் போலிருக்கிறது, வீட்டுக்காரம்மா ஓடி வந்து, "என்னம்மா, யாராவது தவறிட்டாங்களா?" என்றார். "ஆமாங்க, போன வருஷம்" என்றேன். பாவம், அவருக்கு என்னைப் பற்றி இருந்த சந்தேகமெல்லாம் ஊர்ஜிதமாகியிருக்கும். ஆனாலும் கூடவே உட்கார்ந்திருந்தார்.

உங்களுக்கு ஒன்று தெரியுமா? அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று இதுவரைக்கும் யாரும் எனக்கு விவரமாகச் சொன்னதே இல்லை. முத்திடுச்சு என்றார்கள், கொடுத்து வைக்கல என்றார்கள், எல்லாம் நம்ம கையிலயா இருக்கு என்றார்கள். எந்தப் பக்கம், எந்த இடம், எது கறுப்பு, எது வெள்ளை என்று சொன்னது நீங்கள்தான். இப்போது அப்பாவின் நெஞ்சை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. முன்னால் நினைத்தால் ஒரே இருட்டாக இருக்கும்.

இன்னொன்றும் யோசித்தேன். அன்றைக்கே நீங்கள் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? என்னை எனக்குத் தெரியும். "ஆமா, நீங்க என்ன டாக்டரா?" என்று கேட்டிருப்பேன். கேட்டுவிட்டு, உங்கள்மேல் கோபத்தோடு அதே ரயிலில் ஏறியிருப்பேன். அப்படித்தான் நடந்திருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் நடந்திருக்கும்.

கடைசி வாரங்களில் வேலை முடிந்து வந்து, காலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் அப்பா கட்டிலுக்குப் போவீர்கள். அவருக்குக் கன்னம் மழித்துவிட்டீர்கள். செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டுவீர்கள், அவருடைய அணி தோற்ற அன்று ஜெயித்ததாகவே வாசித்தீர்கள். சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். கோபம் கண்ணை மறைத்துவிட்டது என்று சொன்னால் அது பொய். கண் நன்றாகத்தான் தெரிந்தது, வாய்தான் வரவில்லை. இப்போது வருகிறது. நன்றி அண்ணி. அப்பாவுக்காகவும் சேர்த்து நன்றி. நான் இல்லாத நாட்களில் அவருக்கு நீங்கள் இருந்தீர்கள்.

போன கடிதத்துக்கு மதிப்பெண் போடவில்லை. போடப் போவதுமில்லை. நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்து எழுதுங்கள்.

வாலு

ஜூன் 28

என் அன்பு வாலுவுக்கு,

போய் வந்துவிட்டேன். முதலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்த அறை. நடுவில் இருந்த அம்மாள் என் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "நீங்கதானே போன வருஷம் 'டாக்டர் சொல்வாங்க'?" என்றார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. "நான்தாங்க" என்றேன். "எங்க டீ ரூம்ல இப்பவும் அதைச் சொல்லிச் சிரிப்போம்" என்றார். பிறகு சிரிக்காமல், "திரும்ப வந்திருக்கீங்களே, இந்த ஒரு வருஷத்துல என்ன மாறியிருக்கு?" என்று கேட்டார்.

தயாரித்து வைத்திருந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. "என் நாத்தனார் ஒரு கேள்வி கேட்டா. லேட்டா பதில் சொன்னேன். லேட்டா சொன்னாக்கூட அது அவளுக்குத் தேவைப்பட்டுச்சு" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

அடுத்தது கோட்டு அறை. கதவில் தாள். "நீங்கள் டாக்டர். உள்ளே இருப்பவருக்கு நுரையீரலில் கட்டி இருப்பது போலத் தெரிகிறது. அவரிடம் சொல்லுங்கள்." உள்ளே வயதான ஒருவர். நடிகர்தான், ஆனால் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு, தொடையில் கையை வைத்து மாமா மாதிரியே உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, படத்துல என்ன இருக்கு?" என்றார்.

அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது வாலு. பல்லைக் கடித்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்தேன். "சொல்றேங்க. உங்ககூட யாராவது வந்திருக்காங்களா?" என்றேன். "பொண்ணு வெளிய நிக்குது" என்றார். தாளில் மகள் என்று எதுவும் இல்லை, அவராகச் சேர்த்துக்கொண்டது. "அவங்களும் உள்ள வரட்டுமா?" என்று கேட்டேன். அவர் திருதிருவென்று தேர்வாளரைப் பார்த்தார். தேர்வாளர், "பொண்ணா நடிக்க ஆள் இல்லைங்களே" என்றார். "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு, சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டேன். இரண்டு நாற்காலியையும் பார்த்து, உனக்கு எழுதிய மாதிரியே சொன்னேன். எந்தப் பக்கம், எந்த இடம், எது தெரிகிறது, எது இன்னும் தெரியவில்லை, அடுத்து என்ன செய்யலாம். முடிக்கும்போது அந்த மனிதர் காலி நாற்காலியின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். நடிப்பா நிஜமா, எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து யாரையும் "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிடவில்லை. இதற்குத் தனியாக ஒரு மதிப்பெண் போடு.

கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று பெரிய மனுஷி மாதிரி எழுத மாட்டேன். கிடைக்காவிட்டால் அழுவேன். ஆனால் எது வந்தாலும் உன்னால்தான் அந்த அறையில் எனக்கு வாய் திறந்தது. இதைச் சொல்ல எனக்கு ஒரு உறவு கிடைத்திருக்கிறதே, அதற்கு நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அண்ணி

ஆகஸ்ட் 17

அருமை அண்ணி,

நீங்கள் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் இன்னொரு தடவை செய்ய மாட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டோடு நிற்கிறேன். கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் நீங்கள். சொல்லாமல் கொள்ளாமல், கையில் ஒரு பை, ரயிலில் கசங்கின புடவை, முகத்தில் ஈயாடவில்லை. "என்ன அண்ணி?" என்றேன். "உள்ள வரலாமா?" என்றீர்கள். என் வீட்டுக்குள் வர நீங்கள் என்றைக்கு அனுமதி கேட்டிருக்கிறீர்கள்?

"உட்காரு" என்றீர்கள். உட்கார்ந்தேன். நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு, "கூட யாராவது இருக்காங்களா?" என்றீர்கள்.

அண்ணி, அந்த நிமிஷம் அண்ணனை நான் லிஃப்டிலிருந்து விழவைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்து, கட்டுப் போட்டு, பாதி உயிரையும் எடுத்துவிட்டேன். "அண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்று நான் அலறினதில் வீட்டுக்காரம்மா தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்துவிட்டார். நீங்களோ என் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் அவசரப்படாமல், "பதறாதே, நிதானமா கேளு. சொல்றேன்" என்கிறீர்கள். அப்புறம், "சீட் கிடைச்சிடுச்சு" என்றீர்கள்.

அடப்பாவி அண்ணி!

உங்களை அடித்தேனா, கட்டிக்கொண்டேனா என்று சரியாக நினைவில்லை. இரண்டும் செய்தேன் என்று வீட்டுக்காரம்மா சொல்கிறார். அவரும் அழுதாராம், எதற்கென்று அவருக்கே தெரியாதாம். "உங்க அண்ணனுக்கு இன்னும் சொல்லல. உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு ரயில் ஏறிட்டேன்" என்றீர்களே, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சேதி வந்த நேரத்தில் பக்கத்தில் இருந்த எல்லோரையும் விட்டுவிட்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடி வந்து, எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். இத்தனை நாளாக என் நெஞ்சில் கல்லு மாதிரி கிடந்தது எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்கிறேன், காணவில்லை. நன்றி என்று எழுதினால் உங்களுக்குச் சிரிப்பு வரும், இருந்தாலும் எழுதுகிறேன். நன்றி அண்ணி.

நீங்கள் சேதியைச் சொன்ன பிறகு அண்ணன் சாயங்காலம் போன் செய்தார். "என்னை விட்டுட்டு உன்கிட்ட முதல்ல சொல்லியிருக்கா பாரு!" என்று குறைபட்டுக்கொண்டே சந்தோஷத்தில் மூக்கை உறிஞ்சினார். இந்த முறை எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகவில்லை. நெடுநேரம் பேசினோம்.

கல்லூரியில் எல்லாம் கற்றுக்கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கெட்ட சேதியைத்தான் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். நல்ல சேதியை, கதவு திறந்ததும், நின்றபடியே கத்தலாம்.

வாலு